மேற்கு மாம்பலத்து ப்ராஜெக்ட் கடையில் ஒரு சோலைமந்தியும் ஒரு கானமயிலும்

ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு சார்ட் பேப்பர் தேடி அலையும் சென்னை அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வேடிக்கைக்குப் படிக்கலாம். மேற்கு மாம்பலத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வெளியே ஸ்டேஷனரி என்று போர்டு போட்டுக்கொண்டு உள்ளே முழுக்க ஸ்கூல் ப்ராஜெக்ட் செய்து தரும் கடை ஒன்று இருக்கிறது. பெயர் போடப் போவதில்லை. போட்டால் முதலாளி கோபத்தை அங்கே வேலை செய்யும் பையன் மேல் காட்டுவார், எனக்கு அந்தக் கடையில் பிடித்ததே அந்தப் பையன் ஒருவனைத்தான். 1,200 ரூபாய் கொடுத்தேன், மூன்று தடவை நடந்தேன். இன்னொரு தடவை போவேனா என்றால் போவேன், ஆனால் போகிற விதம் வேறாக இருக்கும்.

விஷயம் இதுதான். என் பெண்ணுக்கு ஸ்கூலில் ‘அழியும் நிலையில் உள்ள ஒரு பாலூட்டியையும் ஒரு பறவையையும் ஒப்பிடுக, மாடலும் சார்ட்டும் வேண்டும்’ என்று டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் சொல்கிறாள், அடுத்த வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டுமாம். எட்டு நாள் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். எட்டு நாளில் எனக்கு ஆபீஸ் இருக்கிறது, அவளுக்குப் பாட்டு கிளாஸ், ஹிந்தி கிளாஸ், அதற்கு நடுவில் யார் வீட்டில் உட்கார்ந்து மரம் வெட்டி ஒட்டுவது? நாமே செய்ய வேண்டும், பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து நேரே கடைக்குப் போனோம்.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் அகலம். வாசலில் சூரியக் குடும்பம் தொங்குகிறது, வியாழன் மட்டும் ஒரு பக்கம் நசுங்கி. உள்ளே இரண்டு பக்கமும் எரிமலை, இதயம், காற்றாலை, மழைநீர் சேகரிப்பு, எல்லாம் பாலித்தீன் சுற்றி தூசி படாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஃபெவிகால் வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் வெளியே வந்து மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. முதலாளி கல்லாவில். பின்னால் ஒரு ஸ்டூலில், கையெல்லாம் பச்சைச் சாயத்தோடு, மரத்தூளைக் கலக்கிக்கொண்டு அந்தப் பையன். புல்தரை எல்லாம் அந்த மரத்தூள்தான்.

‘அழியும் விலங்கா மேடம், ரெடியாவே இருக்கு’ என்று முதலாளி ஒரு செட்டை எடுத்து வைத்தார். வரையாடும் மரகதப்புறாவும். 450 ரூபாய். நான் பர்ஸைத் திறந்தேவிட்டேன். என் பெண் விடவில்லை. ‘வரையாடு சரி அங்கிள். மரகதப்புறா அழியற லிஸ்ட்லயே இல்லையே, அது நம்ம மாநிலப் பறவை, அவ்வளவுதான்’ என்றாள். உண்மைதான். எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று உலக அளவில் கணக்கெடுக்கும் ஐ.யூ.சி.என். அமைப்பின் பட்டியலில் வரையாடு அருகிய இனம், மரகதப்புறாவுக்கு அப்படி ஒரு ஆபத்தும் குறிக்கப்படவில்லை. மாநிலச் சின்னம் என்றாலே அழியப் போகிறது என்று எப்படியோ நம் மண்டையில் ஏறிவிட்டது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. ‘போன வாரம் நாலு பேர் வாங்கிட்டுப் போனாங்க பாப்பா, எல்லாருக்கும் ஃபுல் மார்க்’ என்றார். அடுத்து புலி, மயில் செட் வந்தது. மயில்! கோயம்புத்தூர்ப் பக்கம் போய் விவசாயிகளிடம் மயில் அழிகிறது என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. மே மாதம் வால்பாறை போயிருந்தபோது புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரத்தில் சோலைமந்திக் கூட்டத்தைப் பார்த்தாள். சிங்கவால் குரங்கு என்று பாடப் புத்தகத்தில் வருமே, அதேதான். அதிலிருந்து அதன் மேல் ஒரு பைத்தியம். பறவைக்குக் கானமயில், பெயரில்தான் மயில், அது வேறு பறவை. ஏன் கானமயில் என்று கேட்டதற்கு, ‘ரெண்டும் நம்ம தமிழ்நாட்டுல இருந்ததும்மா. ஒண்ணு இன்னும் இருக்கு, ஒண்ணு போயிடுச்சு. அப்பதானே கம்பேர் பண்ண முடியும்’ என்றாள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

முதலாளி பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். ‘சிங்கம், வால், குரங்கு’ என்று நடுவில் கமா போட்டு எழுதியதை நான் அப்போதே பார்த்தேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். மாடல் 900, சார்ட் 300, அட்வான்ஸ் 500, திங்கட்கிழமை டெலிவரி.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் போனோம். மாம்பலத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் நேரே வண்டலூரில் இறங்கலாம், காரை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. (செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.) 1855-ல் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் ஆரம்பித்து, அப்புறம் சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, 1985-ல் இப்போதைய இடத்தில் திறந்த பூங்கா. என் மாமியார் சின்ன வயதில் பார்த்தது அந்த சென்ட்ரல் பக்கத்து ‘மிருகக்காட்சி சாலை’தான். வண்டலூரில் சோலைமந்தி இருக்கிறது. கானமயில் கிடையாது.

சோலைமந்தி முன்னால் நாங்கள் முக்கால் மணி நேரம் நின்றோம். என் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். உடம்பு கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பிடரி. அந்தப் பிடரியைப் பார்த்துத்தான் சிங்கம் என்று பெயர் வைத்தார்கள் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், பெயரிலேயே ‘வால்’ இருந்தும்! வால் நுனியில் ஒரு குஞ்சம் இருக்கிறது, சிங்கத்துக்கு இருப்பது மாதிரியே. ஒரு குரங்கு எதையோ இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி உப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்தது. அது கன்னப்பை, கிடைத்ததை வேகமாக உள்ளே தள்ளிவிட்டு அப்புறம் நிதானமாக மெல்லும். பக்கத்தில் ஒரு மாமா தன் பேரனிடம் ‘இதைத்தான் கருங்குரங்கு லேகியத்துக்குப் பிடிப்பாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது இதுவல்ல, கருமந்தி, நீலகிரி லங்கூர். அதற்கு வால் நீளம், நுனியில் குஞ்சம் கிடையாது, இலை தின்கிற சாதி. என் பெண் திருத்தப் போனாள், நான் கையைப் பிடித்து இழுத்தேன். எல்லாரையும் திருத்திக்கொண்டிருந்தால் சாயங்கால வண்டியைப் பிடிக்க முடியாது.

திங்கட்கிழமை டெலிவரி. இங்கேதான் கதை.

மாடலின் இடது பக்கம் காடு, வலது பக்கம் வெட்டவெளி. அந்த அமைப்பு நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். காய்ந்த பாசியைப் பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் சுற்றி மரம் செய்திருந்தார்கள், அடர்த்தியாக, மேலே கிளைகள் ஒன்றோடொன்று தொடுகிற மாதிரி. அந்தக் காட்டுக்குள் ஒரு கொரில்லா நின்றது. பிளாஸ்டிக் விலங்கு பாக்கெட்டில் வருமே, அந்தக் கொரில்லாவுக்கு முகத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டி, கறுப்பு நூல் வைத்து வால் கட்டியிருந்தார்கள். வால் நுனியில் மட்டும், நம்புங்கள், அச்சு அசலாக ஒரு குஞ்சம். சரி. வலது பக்கம் திரும்பினால், வெட்டவெளியில் கொலு மயில் ஒன்று தோகை விரித்து நிற்கிறது. நீலக் கழுத்து, ஜிகினா, எல்லாம். கீழே ‘கானமயில்’ என்று லேபிள்.

‘கானமயில்னா மயில்தானே மேடம்? கான்னா காடு. காட்டு மயில்’ என்றார் முதலாளி. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது என் மாமியார் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஔவையார் பாட்டில் வருகிற கான மயில் தோகை விரித்து ஆடுகிறது, வான்கோழி அதைப் பார்த்துத் தன் பொல்லாச் சிறகை விரிக்கிறது, அப்படியானால் அது மயில்தானே என்று கேட்டார். பாட்டில் வருவது எதுவோ, இன்றைக்குத் தமிழில் கானமயில் என்று எழுதினால் பறவை பார்ப்பவர்கள் சொல்வது வேறு ஒன்றை. ஒரு மீட்டர் உயரம், பழுப்பு முதுகு, வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி. ஆண் 15 கிலோ வரை எடை போகும், அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். உலகத்தில் பறக்கிற பறவைகளில் ரொம்பக் கனமானவற்றில் ஒன்று. தோகை கிடையாது. பெண்ணைக் கூப்பிட ஆண் பறவை தொண்டைப் பையை உப்பிக் கீழே தொங்கவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஊதுவது மாதிரி ஒரு சத்தம் எழுப்பும், ரொம்ப தூரம் கேட்குமாம். என் பெண் நோட்டில் இதை ‘குரங்குக்குக் கன்னத்தில் பை, பறவைக்குத் தொண்டையில் பை, ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று கல்யாணத்துக்கு’ என்று எழுதி வைத்திருந்தாள். சார்ட்டில் போட்டால் டீச்சர் என்ன சொல்வார்களோ என்று கேட்டாள். போடு என்றேன்.

லேபிள் கதை இன்னும் மோசம். ஆங்கிலப் பெயரையும் தமிழ் எழுத்தில் போடுகிறேன் என்று ‘கிரேட் இந்தியன் பஸ்டர்ட்’ என்று அடிக்கப் போய், ஒரு துணைக்கால் கூடிவிட்டது. ப, பா ஆகிவிட்டது. என் பெண் அதைக் கடை நடுவில் நின்று உரக்கப் படித்தாள். பக்கத்தில் எரிமலை வாங்க வந்த ஒரு அப்பா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், நான் லேபிளைப் பிய்த்துக் கையில் கசக்கினேன். இதில் ஒரு விசேஷம், இந்தப் பறவையைத் தேசியப் பறவையாக்கச் சொல்லி பறவையியல் அறிஞர் சலீம் அலி ஆதரித்தார், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறினால் வசவாகிவிடுமே என்று பயந்து விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1963-ல் மயில் தேசியப் பறவையானது. அன்றைக்கு டெல்லியில் மயிலிடம் தோற்ற பறவை, அறுபது வருஷம் கழித்து மேற்கு மாம்பலத்திலும் மயிலிடமே தோற்றது.

போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், புதன்கிழமை மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றினார். மயில் போய்த் தீக்கோழி வந்தது.

அதே பிளாஸ்டிக் பாக்கெட்டில் இருக்கிற தீக்கோழிதான். கழுத்துக்கு வெள்ளை அடித்து, தலைக்குக் கறுப்பு அடித்து, காலைக் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடலாம், உண்மையில் கானமயில் நடந்து போவது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். எனக்குப் போதும் என்றுதான் தோன்றியது, கால் வலி வேறு. என் பெண்ணுக்கு முகம் தொங்கிவிட்டது. ‘தீக்கோழி பறக்காதும்மா. பறக்காத பறவை எப்படிக் கரண்டு கம்பியில மோதும்?’

இந்த இடத்தில்தான் பின்னால் ஸ்டூலில் இருந்த பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். ‘இது கரண்டு கம்பில அடிபட்டா சாகுது?’

அவ்வளவுதான், என் பெண் நோட்டைத் திறந்துவிட்டாள். கானமயிலுக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிறது, நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. உடம்பு கனம், கம்பியைப் பார்த்த பிறகு சட்டென்று திரும்ப முடியாது. ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம்தான் மிச்சமிருப்பவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன, அங்கேதான் காற்றாலையும் சோலார் பண்ணையும் வரிசையாக வந்து, அந்த மின்சாரத்தைக் கொண்டு போகிற கம்பிகள் வானம் முழுக்க ஓடுகின்றன. தார் பாலைவனப் பகுதியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன என்று இந்திய வனஉயிரின நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது. காட்டில் இருப்பதே மொத்தம் 150 சுமார் என்கிறபோது வருஷத்துக்கு 18. வைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதையும் கூடு எதுவும் கட்டாமல் வெறும் தரையில். மாடு மிதிக்கலாம், நாய் தின்னலாம். 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு போகச் சொன்னது, 2024-ல் அதை மாற்றி, பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டது. நடுவில் ஜெய்சால்மர் பக்கத்திலேயே அடைத்து வைத்துக் குஞ்சு பொரிக்கும் வேலையும் நடக்கிறது, 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் ஒரு குஞ்சு பிறந்தது பேப்பரில் வந்ததே.

‘அப்ப குரங்கு?’ என்றான் பையன்.

குரங்குக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சோலைமந்தி முடிந்தவரை தரைக்கு வராது, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் மரத்தின் உச்சாணியிலேயே பிறந்து, தின்று, தூங்குகிற பிராணி. வெடிப்பலா மாதிரி மரங்கள் வேண்டும், கிளைக்குக் கிளை தாவ மேலே இடைவெளியில்லாத கூரை வேண்டும். தேயிலைக்கும் காப்பிக்கும் ரோட்டுக்கும் அணைக்கும் காட்டைத் துண்டு துண்டாக வெட்டியதில், நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டங்கள் கீழே இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. வால்பாறையில் இப்படி வண்டியில் அடிபட்டுச் செத்தவை உண்டு. அதனால்தான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், நாங்களே பார்த்தோம், ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மொத்தம் சுமார் 4,000 இருக்கலாம், தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. இதுவும் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான், வயிற்றில் ஆறு மாதம் சுமாராகச் சுமக்கும், அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். இதற்காகவே களக்காட்டில் சரணாலயம் இருக்கிறது. சைலன்ட் வேலி மழைக்காட்டில் அணை வேண்டாம் என்று கேரளாவில் எழுபதுகளில் எழுந்த போராட்டத்துக்கும் இதுதான் முகம்.

பையன் மாடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் எனக்கும் கண்ணில் பட்டது. மாடலின் இரண்டு பக்கமும் ஒரே நீளக் கறுப்பு நூல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தில் இரண்டு ஐஸ் குச்சிக் கம்பங்கள், அழகுக்காக நட்டது, அதிலிருந்து நூல் கிளம்பி, வெட்டவெளியைத் தாண்டி, காட்டு மரங்களுக்கு மேலே போய் முடிகிறது. எல்லா மாடலிலும் அவன் கம்பம் நட்டு நூல் கட்டுவான் போல, கிராமம் என்றால் கம்பம் இருக்கும் என்ற கணக்கு. அவன் என் பெண்ணிடம் கேட்டான், ‘அப்ப பாப்பா, இந்தப் பக்கம் கயிறு இருந்தாத்தான் பொழைக்கும், அந்தப் பக்கம் இருந்தா செத்துரும், அதானே?’

அவள் நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தாள், இந்த ஒரு வரி அதில் இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த நாற்பது நிமிடம் நான் மூச்சு வாங்க வெளியே போகக்கூட இல்லை. நூலை நடுவில் வெட்டினான். காட்டுப் பக்கம் நூலை எடுத்துவிட்டு, சணல் கயிற்றைப் பின்னி ஏணி மாதிரி ஒரு பாலம் செய்து, நடுவில் கறுப்பு கில்ட் பேப்பரில் ஒரு ரோடு ஒட்டி, அதன் மேல் தொங்கவிட்டான். கொரில்லாவைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்-சீலை உருட்டி நாலு கால் குரங்கு பிடித்தான், பழைய குஞ்சத்தை மட்டும் கழற்றி இதற்கு வைத்தான், குஞ்சம் அவன் முதலிலேயே போட்டது, யாரோ படம் காட்டியிருக்கிறார்கள், அவன் மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறான். தீக்கோழியின் கழுத்தை வளைத்து, அட்டையில் இரண்டு பெரிய இறக்கை வெட்டிப் பழுப்பு அடித்து, கால்களைப் பின்னால் மடக்கி ஒரு கம்பியில் குத்தி, பறக்க வைத்தான். கம்பத்து நூலை எடுக்கப் போனவனை என் பெண் தடுத்தாள். பாதி நூல் அப்படியே இருக்கட்டும், மீதிப் பாதியில் ராஜஸ்தானில் மாட்டுகிற மாதிரி பளபளக்கிற தட்டு மாட்டலாம், பறவை தூரத்திலேயே பார்த்து விலகும் என்றாள். ஜாக்கெட்டுக்குத் தைக்கிற சமிக்கி டப்பாவை எடுத்தான், ஒவ்வொன்றாக நூலில் கோத்து ஒட்டினான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது. மூன்றாவதாக நூலே இல்லாமல் தரையில் ஒரு பள்ளம் தோண்டி உள்ளே சிவப்பு ஒயர் வைத்து மூடினான், பூமிக்கடியில் போகிற கம்பி. அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து இரண்டு தடவை ‘டேய், லேட் ஆகுது’ என்றார். மேலே காசு கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சார்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய தமிழ். இரண்டுக்கும் ‘வாழிடம்: காடு’ என்று போட்டிருந்தார்கள். கானமயிலுக்குக் காடு எதற்கு? அதற்கு வேண்டியது புல்வெளி, நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டின தூரம் வெறுமை. அந்த வெறுமையை ரெக்கார்டில் தரிசு என்று எழுதி வைத்ததால்தான் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நடுகிறார்கள், நல்லெண்ணத்தில் மரம் நட்டால்கூட அதற்கு ஆபத்துதான். இரண்டுக்கும் ஒரே ‘அழியும் இனம்’ என்று வேறு. சோலைமந்தி அருகிய இனம், கானமயில் மிக அருகிய இனம், அழிவுக்கு ஒரு படி நெருக்கம். 300 ரூபாய் அந்த சார்ட்டுக்கு வீண். கடைசியில் ஒரு வெள்ளை சார்ட் வாங்கி அவளே கையால் எழுதினாள், இரண்டு எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழை பரவாயில்லை, அதில் துணைக்கால் எதுவும் கூடவில்லை.

இனி போகிறவர்களுக்கு. மாடல் மட்டும் கொடுங்கள், சார்ட் கொடுக்காதீர்கள். முதலாளியிடம் வாயால் சொல்லாதீர்கள், படத்தைப் பிரிண்ட் எடுத்து, முடிந்தால் பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, நேரே பின்னால் போய்ப் பையன் கையில் கொடுங்கள். எதற்கு என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள், அது தெரிந்தால் அவன் செய்கிற வேலையே வேறு. ரெடிமேட் செட் வேண்டாம், அதே செட்டோடு கிளாஸில் நாலு பேர் நிற்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம், பத்தரை, பதினொரு மணிக்குப் போனால் பேச நேரம் கிடைக்கும். வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஜிபே உண்டு, பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். கைவேலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், விஷயத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் குஞ்சத்துக்காக.

ஸ்கூலில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மார்க் இன்னும் வரவில்லை. டீச்சர் சமிக்கியைக் காட்டி இது என்ன டெக்கரேஷன் என்று கேட்டாராம், இவள் சொல்லி முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. மாடல் ஆட்டோவில் போகும்போதே ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் குதித்து, கானமயிலின் ஒரு இறக்கை கழன்று மடியில் விழுந்தது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே பத்து ரூபாய் ஃபெவிக்விக் தொங்குகிறது, வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் கோடம்பாக்கம் ஹை ரோட்டில் ஆட்டோவை நிறுத்தி மெடிக்கல் ஷாப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன்.